மெருகேறாத கல்

ஆறாம் அத்தியாயம்

பதினோராவது கல்லின் அடியிலும் ஒன்றும் இல்லை.

துப்பறியும் ரத்தினவேல் முழங்காலிட்டபடி அந்தச் சதுரக் குழியைப் பார்த்தார். சுண்ணாம்புக் காரை. காரைக்குக் கீழே செங்கல் சல்லி. சல்லிக்குக் கீழே பாலக்கரை மண். நேற்றுக் காலையிலிருந்து இதே மூன்றையும் பதினோரு தடவை பார்த்தாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் தோண்டினா தண்ணி வந்துடும் சார்," என்றாள் ராசாத்தி. "பத்திரம் கிடைக்காட்டியும் வீட்டுக்காரங்களுக்கு ஒரு கிணறாவது மிச்சம்."

"வாயை மூடு."

"மூடினா மட்டும் கிடைச்சுடுமா?"

ராசாத்தி மூன்று வருஷமாக ரத்தினவேலுக்கு உதவியாள். அதற்கு முன் ஒரு நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் வேஷம் கட்டியவள். அவள் ரகசியமாகப் பேசினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். ரத்தினவேலோ ரயில்வேயில் காணாமல் போன பார்சல்களைத் தேடும் குமாஸ்தாவாகப் பதினாறு வருஷம் இருந்தவர். கல்கத்தாவுக்குப் போன மாம்பழக் கூடையைக் கொழும்பில் கண்டுபிடித்தவர் என்று பெயர். அந்தப் பெயர் இந்தக் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்ந்துகொண்டிருந்தது.

கூடத்தின் ஓரத்தில் சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த ஜமால் விரல் விட்டு எண்ணினான்.

"பதினொண்ணு ஆச்சுங்க. கோர்ட்டு உங்களுக்கு அனுமதி கொடுத்தது பன்னெண்டு கல்லுக்கு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். பார்த்து உடைங்க. ரெண்டு கல்லுல ஒண்ணு என்னோடது."

"எது உங்களோடதுன்னு காட்டிட்டீங்கன்னா, அதை விட்டுட்டு மத்ததைப் பெயர்ப்போம்," என்றாள் ராசாத்தி.

ஜமால் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் வேடிக்கை ஒன்றும் இல்லை, அது சட்டம்.

இந்த வீட்டுக்கு உரியவரான பரக்கத் அலி ராவுத்தர் தோல் வியாபாரி. போன மாதம் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மனைவி முன்பே காலமாகிவிட்டாள். அவருக்கு ஒரே மகள் ரோஷன் பேகம். இருபத்தாறு வயதில் கணவனை இழந்து அத்தா வீட்டுக்கே திரும்பி வந்தவள். இந்த வீடு முழுவதையும் அவளுக்கே கொடுத்துப் பத்திரம் எழுதியாகிவிட்டது என்று ராவுத்தர் அவளிடம் சொல்லியிருந்தார். பத்திரத்தைத்தான் காணோம். அது இல்லாவிட்டால் மார்க்கச் சட்டப்படி பாதி வீடு மகளுக்கு, மீதிப் பாதி ராவுத்தரின் தம்பி மகனான ஜமாலுக்கு. தன் பாதியை ஒரு டாக்கீஸ்காரருக்குத் தருவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். ஒரு பாதியில் டாக்கீஸ் நடந்தால் மறுபாதியில் திரைக்குள் வாழும் ஒரு பெண் எப்படிக் குடியிருப்பாள்? அவள் போக வேறு வீடு கிடையாது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கோர்ட்டில் பத்திரத்தைக் காட்ட வேண்டும். இன்று சனிக்கிழமை.

அது இருக்கும் இடத்துக்கு இருந்த தடயம் ஒன்றே ஒன்று. ராவுத்தரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்த ஒரு சீட்டு. தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். அந்த எழுத்தில் ரத்தினவேலுக்கு ஒரு புள்ளிகூடத் தெரியாது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த ஜமாலுக்கும் தெரியாது. கண்ணாடிக் கூட்டைக் கண்டெடுத்தவர் கூடத்துத் தரைக்கு மெருகு போட வந்திருந்த அப்துல் சுக்கூர். மதரஸாவில் ஓதியவர். அவர்தான் சீட்டைப் படித்துவிட்டு ஓடிப்போய், பின்கட்டுத் திரைக்கு வெளியே நின்று, "பத்திரம் மார்பிளுக்கு அடியில பத்திரமா இருக்குன்னு எழுதியிருக்காருங்கம்மா!" என்று கூவினார். ரோஷன் பேகம் உடனே ரத்தினவேலுக்கு ஆள் அனுப்பினாள். சீட்டு ரத்தினவேலின் சட்டைப் பைக்குள் போனது.

இப்போது சுக்கூர், பெயர்த்து அடுக்கிய கற்களின் நடுவே, துக்க வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார்.

"இருபத்திரண்டு நாள் சார்," என்றார். "இது லேசுப்பட்ட தரை இல்லை. முப்பது வருஷமா இந்தக் கூடத்துல நிக்காஹ் நடந்திருக்கு. எலுமிச்சை சர்பத் சிந்தின இடமெல்லாம் வெந்துபோய்க் கிடந்துச்சு. மணல் போட்டுத் தேய்ச்சு, சாணைக்கல் போட்டுத் தேய்ச்சு, நுரைக்கல் போட்டுத் தேய்ச்சு, கம்பளித் துணியால முகம் தெரியற வரைக்கும் தேய்ச்சு வச்சேன். நீங்க ரெண்டே நாள்ல கடப்பாரையால முடிச்சுட்டீங்க."

"நானா முடிச்சேன்? சீட்டுல அப்படித்தானே இருக்கு?"

"இருக்குதான். நான்தானே படிச்சேன்." சுக்கூர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தக் கல்லை எல்லாம் திரும்பப் பதிச்சு இடுக்கை அடைக்கிறதுக்கு மெழுகு வேற இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து என் கையால காய்ச்சினது. பொத்தல் விழுந்த கல்லை அடைக்க வச்சிருந்தேன். மௌத்தாகறதுக்கு முந்தின வாரம் முதலாளி வந்து ரெண்டு உருண்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு."

ரத்தினவேல் இதைக் காதில் வாங்காமல் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெழுகை எங்க சார் காதுல ஊத்தியிருப்பாரோ என்னவோ," என்றாள் ராசாத்தி.

பின்கட்டிலிருந்து 'பட்... பட்...' என்று ஈரத்துணியை அடிக்கும் சத்தம் வந்தது. நேற்று முழுவதும் வந்தது. இன்று காலையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. ரத்தினவேலுக்கு ஒவ்வோர் அடியும் தன் மண்டைமேல் விழுவது போல இருந்தது.

"யாராவது அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க! மனுஷன் யோசிக்க வேண்டாமா?"

"பொன்னுத்தாயி துணி துவைக்குதுங்க," என்றார் சுக்கூர். "அதை நிறுத்த முடியாது. முதலாளியே முயற்சி பண்ணிப் பார்த்துட்டு விட்டுட்டாரு."

ரத்தினவேல் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். யோசனை ஓடாதபோது குடை முனையால் தரையைத் தட்டுவது அவர் பழக்கம். மூன்றாவது தூணருகே தட்டியபோது சுக்கூர் சலிப்போடு சொன்னார்:

"அதைத் தட்டினா தட்டுங்க, எனக்குக் கவலை இல்லை. எல்லாக் கல்லும் என் சொல்லைக் கேட்டுச்சு. அது ஒண்ணுதான் கேட்கலை. ஒன்பது நாள் தேய்ச்சேன். மெருகே ஏறலை."

ரத்தினவேலின் குடை அந்தரத்தில் நின்றது.

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேட்கலையே. உடைச்சுக்கிட்டே இருந்தீங்க."

ரத்தினவேல் குப்புறப் படுத்து அந்தக் கல்லைக் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்தார். மற்றக் கற்களில் ஜன்னல் வெளிச்சம் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது. இதில் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவரில் விழுவது போலச் செத்துக் கிடந்தது. சாம்பல் நிறக் கோடுகளும் இல்லை.

"ராசாத்தி! மத்ததெல்லாம் இத்தாலியிலிருந்து ஒரே கப்பல்ல வந்த கல். இது வேற ஊர்க் கல். நடுவுல யாரோ ஒரு கல்லை எடுத்துட்டு வேற கல்லை வச்சிருக்காங்க. ஏன் எடுக்கணும்? அடியில எதையோ வைக்கத்தான்!"

"பன்னெண்டாவது கல் சார். நிச்சயந்தானா?"

"நிச்சயம்!"

கடப்பாரை இறங்கியது. சுக்கூர் கண்ணை மூடிக்கொண்டார். கல் கிளம்பியது.

சுண்ணாம்புக் காரை. செங்கல் சல்லி. பாலக்கரை மண்.

ஜமால் நாற்காலியை விட்டு எழுந்தான். "பன்னெண்டு," என்றான். "நான் போய்ச் சாப்பிட்டுட்டு வரேன். சாயங்காலம் வந்து கடைசியா ஒரு தடவை பார்க்கிறேன். அதுக்கப்புறம் கதவைப் பூட்டிச் சாவியைக் கோர்ட்டுல கொடுத்துடலாம்."

அவன் போனதும் பின்கட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் காலடி கேட்டது. "கிடைச்சுச்சாங்க?" என்று மெல்லிய குரல் கேட்டது. ரோஷன் பேகம்.

ரத்தினவேல் திரைப் பக்கம் திரும்பினார். "இன்னும் இல்லைம்மா."

"சரிங்க."

அவ்வளவுதான். காலடி திரும்பிப் போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ரத்தினவேலுக்கு. குடையைத் தூக்கி மூலையில் எறிந்தார். அது போய்ச் சுக்கூரின் மணல் வாளியைக் கவிழ்த்தது.

"அதையும் பண்ணிட்டீங்களா," என்றார் சுக்கூர்.

ராசாத்தி மட்டும் பெயர்த்த கல்லைப் புரட்டி ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "சார், இங்க ஒரு மீன் செதுக்கியிருக்கு."

சுக்கூர் எட்டிப் பார்த்தார். "அது ஸ்ரீரங்கத்து வெள்ளைச்சாமி குறி. கல்தச்சன். தான் செதுக்கின எல்லாத்துலயும் மீன் போடுவான். அம்மிக்குழவியக்கூட விட மாட்டான்."

ரத்தினவேல் மெல்ல நிமிர்ந்தார். "புதுக் கல்லை வச்சவன் அவன்னா, பழைய கல்லை எடுத்தவனும் அவன்தான். பழைய கல் எங்கே போச்சு?"

"இதை நாம பன்னெண்டு கல்லுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்," என்றாள் ராசாத்தி. ரத்தினவேல் காது கேட்காததுபோலக் குடையைத் தேடி எடுத்துக்கொண்டார்.

ஜட்கா காவிரிப் பாலத்தில் ஏறியபோது சனிக்கிழமைக் கூட்டம் அலைமோதியது. பெருமாள் சேவிக்கப் போகிறவர்கள், சேவித்துவிட்டு வருகிறவர்கள், நடுவில் வாழைத்தார் ஏற்றிய நான்கு மாட்டுவண்டிகள். ஜட்கா நகரவே இல்லை. ரத்தினவேல் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் இறங்கி நடந்தார்கள். நடக்கத் தொடங்கியதும் ஜட்கா அவர்களைத் தாண்டிப் போயிற்று.

வெள்ளைச்சாமி அம்மா மண்டபம் சாலையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் ஆட்டுக்கல் கொத்திக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒன்பது நாள் தேய்ச்சானா அந்த சாய்பு? ஒன்பது வருஷம் தேய்க்கட்டும். அது சேலத்து வெள்ளைக்கல்லு. அதுக்கு எங்கேயிருந்து மெருகு ஏறும்?"

"ஏன் மாத்தினீங்க?"

"பன்னெண்டு வருஷம் இருக்குமுங்க. ரோஷன் பாப்பா கல்யாணத்துக்குச் சாமான் இறக்கையில பிரியாணி அண்டா விழுந்து கல்லு ஒரு முனை தெறிச்சுப் போச்சு. இத்தாலிக் கல்லுக்கு நான் எங்கே போறது? கையில இருந்ததைச் செதுக்கி வச்சுட்டு வந்தேன்."

ரத்தினவேலின் முகம் தொங்கிவிட்டது. ரகசியம் இல்லை. பிரியாணி அண்டா.

"பழைய கல்லு என்ன ஆச்சு?" என்றாள் ராசாத்தி.

"வீட்டம்மா கேட்டாங்கன்னு உள்ளே கொண்டுபோயிட்டாங்க. மூணு விரல் கனம். நானும் இன்னொரு ஆளும் திரை வரைக்கும்தான் சுமந்தோம். அதுக்கு மேல ஆம்பிளை போகக் கூடாதுல்ல. பொம்பளைங்களே உருட்டிக்கிட்டுப் போனாங்க."

"எதுக்காம்?"

"அதெல்லாம் நான் கேட்கிறதில்லைங்க. பெரிய வீட்டுல கேள்வி கேட்டா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

திரும்பும் வழியில் ரத்தினவேல் குடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பாலத்தின் நடுவில்தான் சொன்னார்: "தோத்துட்டோம் ராசாத்தி. அந்தப் பெண்ணுகிட்ட நான் என்ன சொல்லுவேன்? உன் அத்தா வீட்டைக் காப்பாத்த வந்தேன், தரையை உடைச்சேன், போயிட்டு வரேன்னா?"

ராசாத்தி கூடவே நடந்தபடி கேட்டாள்: "சார், ஒரு சந்தேகம். ராவுத்தர் யாருக்குப் பயந்து பத்திரத்தை ஒளிச்சாரு?"

"ஜமாலுக்கு."

"ஜமால் பொழுதன்னைக்கும் எங்கே உட்கார்ந்திருக்கான்?"

"கூடத்துல."

"அவன் நாற்காலி போட்டு உட்காருற கூடத்துலயே போய் எந்தப் புத்திசாலி ஒளிச்சு வைப்பாரு? அவன் கால் வைக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கே."

"எது?"

"நீங்களும் கால் வைக்க முடியாத இடம்."

ரத்தினவேல் நின்றார். பின்னால் வந்த வாழைத்தார் வண்டிக்காரன் கத்தினான். அவர் நகரவில்லை.

"இன்னொண்ணு," என்றாள் ராசாத்தி. "அந்தச் சீட்டை ராவுத்தர் யாருக்கு எழுதினாரு?"

"மகளுக்கு."

"அவங்களுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும். பத்துப் பெண் குழந்தைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவங்களாச்சே."

"அவங்க அதைப் பார்த்தாங்களா?"

ரத்தினவேல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சுக்கூர் படித்தார், சுக்கூர் சொன்னார், எல்லோரும் கேட்டார்கள். திரைக்கு உள்ளே ஒரு கையை நீட்டி அந்தச் சீட்டைக் கொடுக்க இத்தனை ஆண்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஜட்கா!" என்று அலறினார்.

பாலக்கரை வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஜமால் ஏற்கனவே நாற்காலியில் இருந்தான். கையில் பூட்டு இருந்தது. ராசாத்தி ரத்தினவேலிடமிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போய்விட்டாள். ரத்தினவேலும் சுக்கூரும் திரைக்கு வெளியே நின்றார்கள். வெள்ளைச்சாமி சொன்ன கதையை ரத்தினவேல் சுக்கூரின் காதில் போட்டார். பச்சைச் சீட்டித் துணி. அதற்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் தெரியவில்லை. காது மட்டும்தான்.

"படிச்சுக் காட்டுங்கம்மா," என்ற ராசாத்தியின் குரல் கேட்டது.

ரோஷன் பேகம் எழுத்து எழுத்தாகப் படித்தாள். அத்தாவின் கையெழுத்தைப் பார்த்ததும் முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது.

"ரோஷன் கண்ணு... பத்திரம்... சலவைக்கல்லுக்கு அடியில்... பத்திரம்."

காகிதத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"இதுல மார்பிள்னு எங்கே இருக்கு?" என்று கேட்டாள் ரோஷன் பேகம்.

ரத்தினவேல் மெதுவாகச் சுக்கூர் பக்கம் திரும்பினார்.

"அதான் சார்!" என்றார் சுக்கூர். "சலவைக்கல்னா மார்பிள்தானே? பத்திரிகைக்காரங்க எல்லாம் அப்படித்தானே எழுதறாங்க? நான் முப்பது வருஷமா அதைத்தானே தேய்க்கிறேன்? அம்மாவுக்குச் சட்டுனு புரியட்டும்னு மார்பிள்னு சொன்னேன்."

"சலவைக்கல்லா?" திரைக்குள்ளிருந்து இன்னொரு பெண் குரல், கரகரப்பாக. பொன்னுத்தாயி. "அதுக்கா ரெண்டு நாளா வீட்டை இடிக்கிறீங்க? சலவைக்கல்லு இந்தா இருக்கு. என் காலுக்கு முன்னால இருக்கு!"

'பட்!' என்று ஈரத்துணி கல்லில் அறைந்தது.

அந்தச் சத்தத்தை ரத்தினவேல் அடையாளம் கண்டுகொண்டார். நேற்றுக் காலையிலிருந்து அது அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"ராசாத்தி! அந்தக் கல் எப்படி இருக்கு?"

"வெள்ளைக் கல்லு சார். ஒரு முனை தெறிச்சிருக்கு. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு செங்கல் கட்டு, அதுமேல தூக்கி வச்சிருக்கு. நடுவுல கை நுழையற சந்து இருக்கு."

"என் கல்லு," என்றார் சுக்கூர். அவர் கண் நிறைந்துவிட்டது. "அது என் கல்லு சார்! பன்னெண்டு வருஷமா அதுமேல அழுக்குத்துணி அடிச்சிருக்காங்க!"

"தோண்டு!" என்று கத்தினார் ரத்தினவேல்.

உள்ளே மண்வெட்டிச் சத்தம். வளையல் சத்தம். "ஐயோ, தவளை!" "அது தன்பாட்டுக்குப் போகும், நீ வெட்டு." ரத்தினவேல் திரைத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இழுத்துத் திறக்க முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பதினாறு வருஷத்தில் எந்தப் பார்சலையும் அவர் இப்படிக் காதால் தேடியதில்லை.

"என்ன இருக்கு? சொல்லித் தொலையேன்!"

"ஒரு சட்டைப் பித்தான். உடைஞ்ச சீப்பு. சவுக்காரத் துண்டு மூணு."

"இன்னும் ஆழமா!"

"முழங்கை அளவு போயாச்சு சார். தண்ணியும் சேறுந்தான். இங்க காகிதத்தை வச்சிருந்தா இந்நேரம் கூழாயிருக்கும்."

மண்வெட்டி நின்றது. கூடத்தில் ஜமால் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தான். 'கிளிக்' என்றது.

"நான் வேணும்னா இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கேன்," என்றான். "தவளையில பாதிப் பங்கு கேட்க மாட்டேன்."

ரத்தினவேல் கண்ணை மூடிக்கொண்டார். காகிதம். தண்ணீர். நாலு வேளையும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் காகிதத்தை வைப்பானா? வைத்தால், அதற்கு முன் என்ன செய்வான்?

கண்ணைத் திறந்தார். "சுக்கூர் பாய்! அந்த மெழுகு!"

"எந்த மெழுகு?"

"ராவுத்தர் எடுத்துட்டுப் போன ரெண்டு உருண்டை! அது தண்ணியில கரையுமா?"

"குங்கிலியம் சேர்த்ததுங்க. வெந்நீர் ஊத்தினாத்தான் இளகும். பச்சைத் தண்ணிக்கு அசையாது. பிசைஞ்சு அப்பிட்டா கல்லோட கல்லா ஒட்டிக்கும். மண்ணுல கிடந்தா..." சுக்கூர் நிறுத்தினார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. "அது மண்ணுக்குப் போடறதில்லை சார். கல்லுக்குப் போடறது."

"ராசாத்தி! தோண்டாதே! சந்துல கையை விட்டு மேலே தடவு! கல்லோட வயித்தைத் தடவு!"

உள்ளே சேற்றில் ஆள் படுக்கிற சத்தம். "புதுப்புடவை சார். ஞாபகம் வச்சுக்குங்க."

"தடவு!"

"வழவழன்னு இருக்கு... கண்ணாடி மாதிரி..."

"மெருகுப் பக்கம் கீழே பார்த்து இருக்கு," என்று சுக்கூர் முணுமுணுத்தார். "பழைய மெருகு. பன்னெண்டு வருஷமா அப்படியே இருக்கு."

"சார்."

"என்ன?"

"ஒரு இடத்துல புடைச்சிருக்கு. வீங்கின கன்னம் மாதிரி. பொன்னுத்தாயி அக்கா, அந்த அரிவாள்மணையைக் கொடு."

சுரண்டும் சத்தம். நெடுநேரம் சுரண்டும் சத்தம். பிறகு ஏதோ பிசுபிசுவென்று உரிந்து வந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"ராசாத்தி! என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்கிற?"

"பேகம்மா அழறாங்க சார்," என்றாள் ராசாத்தி. கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் அந்தக் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "கொஞ்சம் சும்மா இருங்க."

ரத்தினவேல் திரைத்துணியை விட்டார். ஜமாலின் கையிலிருந்த சாவி ஆடாமல் நின்றது.

திரையின் ஓரம் விலகியது. ஒரு கை வெளியே வந்தது. அதில் மெழுகுத்துணியில் சுற்றிய தட்டையான பொட்டலம். ஓரமெல்லாம் சேறு. பிரித்தபோது உள்ளே இருந்த முத்திரைத்தாள் முறுமுறுவென்று இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"இதுல இருக்கிறது தமிழ் எழுத்துங்க," என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். அழுகை நின்றுவிட்டிருந்தது. "எனக்கு வராது. நீங்களே படிங்க. ஆனா ஒரு வார்த்தைகூட மாத்தாம படிங்க."

சுக்கூர் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினவேல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்சல் ரசீது படிப்பது போல ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தார். ஜமால் எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தான். கையெழுத்தைப் பார்த்தான், இரண்டு சாட்சிகளின் பெயரைப் பார்த்தான், பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"...ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம்... என் குமாரத்தி ரோஷன் பேகத்துக்கு நான் மனப்பூர்வமாய்க் கொடுத்துச் சுவாதீனமும் செய்துவிட்ட சொத்தாவது, பாலக்கரையில் உள்ள என் மச்சு வீடும், அதன் பின்கட்டும், கிணறும், கிணற்றடியும், முன்கட்டில் சலவைக்கல்..."

ரத்தினவேல் நின்றுவிட்டார். 'சலவைக்கல் பாவிய கூடமும்' என்று பத்திரத்தில் இருந்தது. அவர் பார்வை பத்திரத்திலிருந்து கூடத்துக்குப் போயிற்று. பன்னிரண்டு குழிகளும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

"எந்தச் சலவைக்கல் சார்?" என்றாள் ராசாத்தி, திரைக்குள்ளிருந்து.

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இந்த வீட்டுக்குள் வந்த இரண்டு நாளில் ரத்தினவேல் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை.

"ரெண்டுமே என்னோடதுதான்," என்றாள் ரோஷன் பேகம். "நீங்க மேலே படிங்க."